கிணற்றுக்குப் பக்கத்தில் போட்ட போர்

என் உசிருக்கு உசிரான அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆவதற்குள் உன் கிணற்றைக் குடித்துத் தீர்த்துவிட்டார்கள். யார் என்கிறாயா? உன் வீட்டுக்காரர்தான். கூடவே ஒரு அறிவாளியும் இருந்தான். நான்தான் அது.

இந்த வருஷம் நான் வேலை பார்த்த தங்க மைன்ஸை மூடிவிட்டார்கள். மாரிகுப்பத்தில் வேலைவெட்டி இல்லாமல் கிடந்த என்னை, மாமா உங்கள் நிலத்துக்குக் கூப்பிட்டார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆழ்குழாய் போர் போடுகிறார்களாம். இவருக்குக் கிணற்றுத் தண்ணீர் கேவலமாகிவிட்டது. துளை போட வந்த ரிக் லாரிக்காரன் என்னைப் பார்த்து, "மைன்ஸ்ல பம்ப் ஓட்டுனவரு, நீங்களே பாயின்ட் காட்டுங்க சார்" என்றான்.

சார்! இத்தனை வருஷ ஷிப்டில் ஒருத்தன் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. தலைகால் புரியாமல், "கிணத்துக்குப் பக்கத்துலயே போடுங்க" என்றேன். தங்கம் தெரிந்த இடத்தில்தானே ஷாஃப்ட் இறக்குவோம்? தண்ணீருக்கும் அதே கணக்குப் போட்டேன், முட்டாள்.

தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மாமா எனக்கு மாலையே போட்டார். அது உன் கிணற்றுக்கு ஊறிவந்த தண்ணீர்தான் என்பது எங்கள் இரண்டு மண்டைக்கும் எட்டவில்லை. மோட்டார் ஓயாமல் ஓடியது. முதலில் கிணறு காய்ந்தது, பிறகு போரும் வெறும் காற்றை ஊதியது.

உன் கிணற்றில் தினமும் தண்ணீர் எடுத்துப்போவாளே, பக்கத்து நிலத்து நாகம்மா, அவள் மாடுகளை விற்றுவிட்டாள். காலிக் குடத்தோடு எதிரே வந்தவள், "பாவி பத்திஹோயித்து அண்ணா" என்றாள். கன்னடத்தில் பாவி என்றால் கிணறு. கிணறு வற்றிவிட்டது என்கிறாள், அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து கன்னடம் கேட்கிறவன் நான். அன்றைக்கு எனக்குத் தமிழில்தான் காதில் விழுந்தது.

மாமாவுக்கு அந்தக் கூச்சமும் இல்லை. "அத்தினி ஆழம் போயி தங்கம் எட்த்தீங்க, ஆயிரம் அடியில தண்ணி இல்லாமயா பூடும்? இன்னாடா பேசாம கீற?" என்கிறார். ஊருக்கு மிச்சம் இருப்பது தெருக்கோடிக் கைபம்பு ஒன்றுதான். அதை ஒட்டிய உங்கள் கொல்லையில் அடுத்த பாயின்ட் குறித்தாயிற்று. வெள்ளிக்கிழமை ரிக் வருகிறது.

சுரங்கத்தில் தண்ணீர் ஒழுகுவது மேல் லெவல்களில்தான். பம்புகளும் அங்கேதான் இருந்தன. கீழே போகப்போக அனலும் காய்ந்த கல்லும்தான். இது எனக்குத் தெரியாதா அக்கா? தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. மரியாதை போய்விடுமாம். த்தூ, இது ஒரு பிழைப்பா?

வெள்ளிக்கிழமை கைபம்படியில் நாகம்மா இருப்பாள், ஊரே இருக்கும். கிணற்றைக் கெடுத்தவன் நான், கீழே தண்ணீர் கிடையாது என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லுவேன். மாமா செருப்பைக் கழற்றினாலும் சரி, லாரி திரும்பிப் போகும்வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்.

உன் வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அதையே கெடுத்த
உன் தம்பி