கீர்த்தியின் மேஜையைச் சுற்றி

மார்ச் 3, 2025, திங்கள்

இன்றும் என்னைத் தேடி யாரும் வரவில்லை.

வடக்கே இந்த ரஞ்சன்காவ் தொழிற்சாலைக்கு வந்ததிலிருந்து எக்ஸெல்லில் எது சிக்கினாலும் “அகல்யாவைக் கூப்பிடு” என்பார்கள். இப்போது தொழிற்சாலை முழுக்க லினக்ஸ், கூடவே ஓர் இலவச ஆபீஸ் மென்பொருள். லைசென்ஸ் செலவு மிச்சமாம். மாற்றிக்கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து கீர்த்தி வந்திருக்கிறாள். நாள் முழுக்க அவள் மேஜையைச் சுற்றிக் கூட்டம். டிஸ்பாட்ச் இஸ்மாயில் பாய்கூட சாய் கிளாஸோடு அங்கேதான் நிற்கிறார்.

மார்ச் 12

என்னிடமே வந்துவிட்டாள். “அக்கா, உங்க மெஷின் மட்டுந்தான் பாக்கி. மாத்திடலாங்களா?”

“நான் எழுதின எக்ஸெல் மேக்ரோ எதுவும் அதுல ஓடாது.”

“ஃபைலைக் குடுங்கக்கா, பாக்கறேன்.”

கொடுக்கவில்லை. ஓடாது என்பது நிஜம்தான். ஆனால் அவள் ஓடவைத்துவிட்டால்? அப்புறம் நான் எதற்கு?

மார்ச் 13

அந்தப் பச்சைக் குர்தா அவளுக்குப் பொருந்தவே இல்லை.

மார்ச் 20

பிரிண்டர் பக்கம் போகிற சாக்கில் காதைக் கொடுத்தேன். அவளை ஒருவரும் கொஞ்சவில்லை. “வோ பட்டன் கஹாங் கயா?” அந்தப் பட்டன் எங்கே போச்சாம். “பழசே நல்லா இருந்தது.” கஸ்டமர் அனுப்பிய ஷீட் கோணல்மாணலாகத் திறக்கிறது என்று இஸ்மாயில் பாய் கத்துகிறார். கற்றுக்கொள்ள ஒருவரும் வரவில்லை, திட்டத்தான் வருகிறார்கள். இந்தக் கூட்டத்துக்கா இத்தனை நாள் வயிறெரிந்தேன்?

சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது. பட்டேன்.

ஏப்ரல் 4

கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

“எதுக்கெடுத்தாலும் ‘அகல்யா பொறுமையா சொல்லித் தருவா’ங்கறாங்க. சொன்னா கோவிச்சுக்காதீங்கக்கா, உங்களைப் பாத்தாலே எனக்கு எரியுதுங்க.”

என்னைப் பார்த்தா! தாபோடியில் என் ஸ்டாப் வந்தது. இறங்கும்போது சொன்னேன், “நாளைக்கு ஃபைலைத் தரேன்.”

ஏப்ரல் 11

என் மெஷினும் லினக்ஸுக்கு மாறியது, மேக்ரோ ஓடிவிட்டது. ஓரிடத்தில் இருவரும் திணறினோம். தப்பை முதலில் கண்டுபிடித்தது நான்தான். இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 25

எல்லா மெஷினையும் பழையபடி மாற்றச் சொல்லிவிட்டார் மேனேஜர் ராகவேந்திரா. கீர்த்தி வேறு வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போய்விட்டாள். என் மெஷினை மாற்ற வந்தவனிடம் “ரெஹனே தோ” என்றேன். இருக்கட்டும்.

கூட்டம் மறுபடி என் மேஜையைச் சுற்றித்தான். அவர்கள் ஃபைலை லினக்ஸிலேயே திறந்து சரிசெய்து தருகிறேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

மே 6

“புது ஆபீஸ் எப்படி?” என்று கீர்த்திக்கு மெசேஜ் போட்டேன்.

“சூப்பருங்கக்கா. பக்கத்து சீட்ல வைஜயந்தி அக்கா. மேக்ரோல புலி.”

யார் இந்த வைஜயந்தி?