கண்டும் காணாமல் போனவள்

பிரேசர் டவுன், பெங்களூர்

அன்பு மகன் யூஜினுக்கு அம்மா எழுதுவது. நலம் என்று எழுதத்தான் கை முதலில் போகிறது, முக்கால்வாசி அது உண்மையும்கூட. நானும் உன் தங்கச்சி செலினும் ஆண்டவர் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், அங்கே ஆக்லாந்தில் நீயும் மருமகளும் குட்டியும் நன்றாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். செலின் இதைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். நான் படித்தது நாலாங்கிளாஸ், பிழை இருந்தால் சிரிக்காமல் படி.

கண்ணாடி மாற்றலாம் என்று கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படித்தேன், கண் அருமையாக இருக்கிறது என்று எனக்கே பெருமை. ஆனால் அங்கே வேறு ஏதோ மிஷினில் பார்த்துவிட்டு பிரஷர் ஜாஸ்தி என்றார்கள். பிரஷர் என்றால் நமக்குத் தெரிந்தது ஒன்றுதானே, அன்றைக்கே உப்பைக் குறைத்துவிட்டேன். உப்பில்லாத ரசத்தைக் குடித்துக் குடித்து செலின் முகம் வாடிப்போய்விட்டது. அடுத்த தடவை போனபோது டாக்டர் ஷோபாதான் அது ரத்தக்கொதிப்பு இல்லையம்மா, கண்ணுக்குள் ஊறுகிற தண்ணீர் சரியாக வடியாமல் அழுத்துகிறது, அந்த அழுத்தத்தில் கண்ணின் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது, இதற்குப் பேர் க்ளாக்கோமா என்றார். பாதி கன்னடம் பாதி தமிழ், ஆனாலும் எனக்கு நன்றாக விளங்கியது.

பிறகு ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரி மிஷினுக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நேரமாகியும் சில பக்கம் புள்ளியே வரவில்லை. மிஷின் கெட்டுப்போயிருக்கிறது, பாருங்கள் என்று நானே சத்தம் போட்டேன். மிஷினுக்கு ஒன்றுமில்லை தம்பி. இடது கண்ணில் பக்கப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது, வலதிலும் ஆரம்பித்திருக்கிறது. இருட்டாகத் தெரிந்தால் நமக்கே புரியும், ஆனால் இல்லாத இடத்தை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்ளுமாம், அதனால் முழுசாகப் பார்க்கிறோம் என்றே நினைத்துக்கொண்டிருப்போமாம்.

அப்போதுதான் டாக்டர் கேட்டார், சொந்தக்காரர் யாராவது உங்களைக் குறை சொன்னார்களா, பார்க்காமல் போய்விட்டீர்கள் என்று. நான் விடுவேனா. டொமினிக் மாமா மகள் கல்யாணத்தில் உன் பிலோமினா அத்தை பண்ணினதை ஒன்று விடாமல் சொன்னேன். கேக் தட்டை நீட்டிக்கொண்டு என் இடது பக்கம் நின்றாளாம், நான் திரும்பியே பார்க்கவில்லையாம். மகன் வெளிநாடு போனதிலிருந்து அண்ணிக்குக் கண்ணே தெரியவில்லை, கண்டும் காணாமல் போகிறாள் என்று ஹாலில் எல்லாரும் கேட்கச் சொன்னாளே, அன்றோடு அவள் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. டாக்டர் சிரித்துவிட்டு, இந்த நோய் வந்தவர்கள் நிறைய பேர் இப்படி ஒரு சண்டையோடுதான் வருகிறார்கள், நோயாளிக்குத் தெரியும் முன்னே சுற்றியிருப்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது என்று சொல்லி எழுதிக்கொண்டார். ஆக அவள் சொன்னது பாதி சரி. காணாமல்தான் போனேன், கண்டுவிட்டுப் போகவில்லை. செலின் போய்ச் சொன்னதும் அத்தை அழுதுகொண்டே வந்தாள். இப்போதெல்லாம் வந்தால் என் வலது பக்கமாகப் பார்த்து உட்காருகிறாள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் உன் ஞானஸ்நானத்தன்று என் கம்மலைக் கவரிங்கா என்று கேட்டாளே, அது வேறு கணக்கு, அதை நான் மன்னிக்கவில்லை.

போன பார்வை திரும்பாது. இருக்கிறதைக் காப்பாற்றலாம், தினமும் சொட்டு மருந்து விடுகிறேன், அழுத்தம் இறங்கியிருக்கிறது. அந்த டாக்டரை நினைத்து விளக்கேற்றாத நாளில்லை. அழுத்தம் இறங்கியும் சிலருக்கு நரம்பு ஏன் சாகிறது என்று அவர் ஆராய்ச்சி பண்ணுகிறார், அதில் நானும் சேர்ந்திருக்கிறேன். எலி மாதிரி உன்னை வைத்துப் பார்ப்பார்கள் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்தினார்கள். எலிக்கு யாரும் நாற்காலி போட்டு காபி கொடுப்பதில்லை என்றேன். நரம்பைப் படமெடுக்கிறார்கள், ரத்தம் கொஞ்சம் எடுத்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இது குடும்பத்தில் இறங்கும் வியாதி. உங்கள் அப்பா அம்மாவுக்கு இருந்ததா என்று டாக்டர் என்னைக் கேட்டபோது, உன் தாத்தா நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டே நடந்ததுதான் கண்முன் வந்தது, வயசு என்று நாங்கள் விட்டுவிட்டோம். செலினைப் பார்த்துவிட்டார்கள், அவளுக்கு ஒன்றுமில்லை. மிச்சம் நீதான். போன தடவை வந்தபோது பக்கத்தில் வைத்த காபி டம்ளரைத் தட்டிவிட்டாயே, பேச்சு மும்முரத்தில் என்று நினைத்தேன். இப்போது அந்த டம்ளரே மனசில் உருண்டுகொண்டிருக்கிறது. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். வலிக்கவில்லையே, நன்றாகத்தானே தெரிகிறது என்று தள்ளிப்போடாதே. எனக்கும் வலிக்கவில்லை, எனக்கும் நன்றாகத்தான் தெரிந்தது.

மாதா உன் கண்ணையும் உன் வீட்டையும் காப்பாற்றட்டும். டாக்டரிடம் போனதும் முதல் வார்த்தையாக, என் அம்மாவுக்கு க்ளாக்கோமா என்று சொல், அதைச் சொல்லாமல் கண்ணாடிக்கு மட்டும் பார்த்துக்கொண்டு வந்துவிடாதே.

முத்தங்களுடன் உன் அம்மா,
ஞானம்மாள்