சக்கரத்தைப் பார்த்து ஏறு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நான் சுகம். அப்பா சுகம். கார்தான் சுகமில்லை என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் அது பரம சுகமாக இருக்கிறது. என் கவலையே அதுதான்.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ போன் செய்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். நீ தும்மினாலும் அவருக்குக் கேட்க வேண்டும். மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் போனும் அவர் கையில்தான் இருக்கிறது. கார் சாமான்களின் படம் பார்க்க அதில்தான் திரை பெரிதாம். அதனால்தான் இந்தக் காகிதம். மாப்பிள்ளையிடம் விஷயத்தை மட்டும் சொல். அப்பாவை விட்டுக்கொடுத்துப் பேசிவிடாதே.

குழந்தை பிறந்தபோது நீ போனில் ஒரு வார்த்தை சொன்னாய். "நான் வாண்டோட வரும்போது நம்ம பழைய கார்லதாம்பா வந்து கூட்டிட்டுப் போகணும். பார்த்தா அப்படியே நான் சின்னப் பிள்ளையில பார்த்த மாதிரி இருக்கணும்" என்றாய். நீ சொல்லிவிட்டு மறந்திருப்பாய். இங்கே மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே ஷெட்டில் தார்ப்பாயை உருவிப் போட்டார். அன்றிலிருந்து நம் வீடு வீடாக இல்லை. பாத்திரம் கவிழ்த்து வைக்கும் தட்டில் ஸ்பேனர் காய்கிறது. துணி துவைக்கிற பிரஷ் கியரின் பல்லைத் தேய்க்கப் போய்விட்டது. ஷெட்டுப் பக்கம் இருக்கிற சமையலறை ஜன்னலைத் திறந்தால் காபியிலும் பெட்ரோல் மணக்கிறது.

இதெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வண்டிதான் இந்த வீட்டில் மூத்தவள், நான் இளையவள். எனக்குப் பழகிவிட்டது. இப்போது அவர் செய்திருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

விமான நிலையத்துக்கும் நம் வீட்டுக்கும் நடுவே இருக்கிற மலையைப் பழைய எஞ்சின் இனி ஏறாது என்று அதைக் கழற்றிவிட்டு, விபத்தில் நொறுங்கிய ஒரு பெரிய காரின் எஞ்சினை வாங்கி வந்து பொருத்திவிட்டார். தெருக்கோடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பிதான் அதற்குத் தகுந்த தகடெல்லாம் கடைந்து கொடுத்தான். எஞ்சினுக்குப் பழையதைப் போல இரண்டு பங்கு பலமாம். ஸ்டார்ட் செய்ததும் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. உன் அப்பா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நானும் சிரித்தேன், பொய் சொல்லக் கூடாது.

ஆனால் லேத்துக்காரத் தம்பி சிரிக்கவில்லை. "அண்ணே, ஓட வெச்சிட்டீங்க. நிறுத்துறதுக்கு என்ன வழி?" என்று கேட்டான். பிரேக் பழசுதான், சக்கரத்துக்குள்ளே கட்டை விரிந்து உரசுகிற அந்தக் காலத்து டிரம் பிரேக். மலைச்சாலையில் நாலு பேரும் பெட்டிகளுமாக இறங்கும்போது அது சூடேறிக் கைவிட்டுவிடும் என்கிறான். டிஸ்க் பிரேக் மாட்டலாமாம், பட்டறையிலேயே ஒரு செட் வைத்திருக்கிறான். அதற்குப் பெரிய சக்கரம் வேண்டும். பெரிய சக்கரம் மாட்டினால் இப்போது சக்கரத்தின் நடுவில் இருக்கிற நம் பளபளா மூடிகள் அதில் உட்காராது. பல் விழுந்த வாயை நீ கண்ணாடி பார்ப்பாயே, அந்த மூடிகள்தான்.

அங்கேதான் நிற்கிறார் உன் அப்பா. "சக்கரத்தை மாத்தினா அது வேற வண்டி. அவ பழைய வண்டியத்தானே கேட்டா?" என்கிறார். ஆயுசு முழுக்க லிஃப்ட் பழுது பார்த்த மனிதர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் பிரேக்கைத்தான் தொட்டுப் பார்ப்பார். சொந்த வண்டி என்றதும் கண் மறைக்கிறது.

நான் சொன்னால் காதில் ஏறாது. நீ சொன்னால் ஏறும். நீயாகவே நினைத்தது போல, "பெரிய சக்கரம் போட்டா நல்லா இருக்கும்பா" என்று ஒரு வார்த்தை போட்டு வை. அம்மா எழுதினாள் என்று மூச்சு விடாதே. வாண்டுக்கு முத்தம்.

உன் அம்மா.

---

அன்பு மகளுக்கு,

உன் பயணச்சீட்டு உறுதியானது கேட்டு உன் அப்பா துள்ளுகிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நீ கேட்டாய், நன்றாகத்தான் கேட்டாய். ஆனால் சக்கரத்தைப் பற்றி என்றைக்கும் பேசாத பெண் திடீரென்று அளவு வரைக்கும் சொல்லிக் கேட்டால் அவருக்குப் புரியாதா? "பார்த்துக்கலாம்மா" என்று உன்னிடம் சிரித்துவிட்டுப் போனை வைத்தார். என் பக்கம் திரும்பி, "வக்கீல் வெச்சுப் பேசுற அளவுக்கு வந்துட்டியா?" என்றார். அவ்வளவுதான். சக்கரம் என்ற சொல்லை அதன்பிறகு இந்த வீட்டில் யாரும் எடுக்க முடியவில்லை. எல்லாத் திருகையும் இறுக்கியாகிவிட்டது, மலையில் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டால் வண்டி தயார் என்றார்.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். கோபப்படாமல் படி.

அந்த எஞ்சின் வந்த புதிதில் ஸ்டார்ட் ஆகாமல் அவரைப் பாடாய்ப் படுத்தியது. கடைசியில் பார்த்தால், ரோட்டர் என்று ஒரு சின்னக் கறுப்புத் துண்டு, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுப்பது, அதில் மயிரிழைக் கீறல். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, புதிது வாங்கி மாட்டினார். கீறல் விழுந்ததைத் தூக்கி எறிந்தாரா? உன் அப்பாவாவது எறிவதாவது! பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். அந்த டப்பாவில் நல்லதும் கெட்டதும் ஒன்றாகக் கிடக்கும். கேட்டால், எல்லாவற்றுக்கும் ஒரு நாள் வேலை வரும் என்பார்.

வேலை வந்தது. அவர் குளிக்கப் போனபோது எஞ்சின் மூடியைத் திறந்து நல்ல ரோட்டரை எடுத்துவிட்டுக் கீறல் விழுந்ததை மாட்டினேன். நல்லது பருப்பு டப்பாவுக்குள் இருக்கிறது. இத்தனை வருஷம் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவளுக்கு இதுகூடத் தெரியாதா?

வண்டி செத்துவிட்டது. நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஆனால் நான் நினைத்தது போல அவர் அலுத்துப்போய் விடவில்லை. பெட்ரோல் குழாயைக் கழற்றினார், கார்ப்பரேட்டரைப் பிரித்தார், பிளக்கையெல்லாம் மாற்றினார். ரோட்டர் புதிதாயிற்றே, அதை ஏன் பார்க்கப் போகிறார்? தட்டில் வைத்த சாப்பாடு ஆறிப்போகிறது. லேத்துக்காரத் தம்பி உதவிக்கு வந்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறார். நேற்று ஷெட் வாசலில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "கை மறந்து போச்சு போலிருக்குடி" என்றார். அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. பருப்பு டப்பாவை எடுக்கப் போனேன். கை வைத்தேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நீ அந்த வளைவுகளில் இறங்கி வருவது கண்முன் வந்தது. மூடிவிட்டேன்.

என்னால் இனி எது சரி என்று சொல்ல முடியவில்லை. உன்னையும் குழந்தையையும் காப்பாற்ற அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள். எப்படியோ வண்டி கிளம்பி அவர் விமான நிலையத்துக்கு வந்துவிட்டால், முதலில் அவர் முகத்தைப் பார்க்காதே, சக்கரத்தைப் பார். பளபளா மூடி இருந்தால், குழந்தைக்கு வாந்தி, கண்ணாடி ஏற்றிய ஏசி வண்டிதான் ஒத்துக்கொள்ளும் என்று எதையாவது சொல்லி டாக்சியில் ஏறிவிடு. அவர் முகம் வாடும். வாடட்டும். என்னையும் டாக்சிக்குக் கூப்பிடாதே. நான் அவரோடுதான் வருவேன். அந்த வண்டியில் அவரைத் தனியாக மலை இறங்க விடமாட்டேன்.

உன் அம்மா.

---

அன்பு மகளுக்கு,

கூரியர்காரர் வாசலில் நிற்கிறார், நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் எழுதிவிட முடிகிற கதை இல்லை. உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

முந்தாநாள் காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சோப்புக் கையோடு ஓடிப் பருப்பு டப்பாவைத் திறந்தேன். ரோட்டர் வைத்தது வைத்தபடி இருக்கிறது! வெளியே வந்தால் உன் அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "வா, ஏறு. மலைக்குப் போய்ட்டு வரலாம்" என்கிறார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. வரமாட்டேன் என்றால் தனியாகப் போவார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஏறினேன்.

ஏறுவதில் குறையே இல்லையம்மா. புது எஞ்சின் மலையைத் தரையாக்கிவிட்டது. உச்சியில் நிறுத்தி, வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கினோம். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. "பார்த்தியா?" என்று என்னைப் பார்த்தார். அப்புறம் ஏதோ கருகுகிற நாற்றம் வந்தது. அவர் மிதிக்கிறார், வண்டி கேட்கவில்லை. மறுபடி மிதிக்கிறார், அது பாட்டுக்குப் போகிறது. கியரைக் குறைத்தார், கை பிரேக்கை இழுத்தார். நான் ஒரு சத்தமும் போடவில்லை. போட்டிருந்தால் அவர் என் பக்கம் திரும்பியிருப்பார். சாலை போடுவதற்காக ஓரத்தில் குவித்திருந்த மணலைப் பார்த்து அதற்குள் வண்டியை விட்டார். முன்பக்கம் பாதி புதைந்து நின்றது. முன்சக்கரத்து மூடி ஒன்று கழன்று, பளபளவென்று சாலையில் தன்னந்தனியாக உருண்டுபோய், அடுத்த வளைவில் திரும்பாமல் நேரே பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சொன்னேனே என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவர் இன்னும் கை பிரேக்கை விடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கீறல் விழுந்த ரோட்டர். முந்தின நாள் சாயங்காலம் எல்லாவற்றையும் பார்த்து ஓய்ந்து, கடைசியாக அதைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். கெட்டது என்று அவரே கூர் ஆணியால் பெருக்கல் குறி கீறி வைத்திருந்தாராம், எனக்கு அது தெரியாமல் போய்விட்டது. ஒன்றும் கேட்காமல் கடைக்குப் போய்ப் புதிது வாங்கி மாட்டியிருக்கிறார். நான் அழுதுவிட்டேன். அவரோ, "நான் கோபப்படலடி. உன் வேலைன்னு தெரிஞ்சதும்தான் எனக்கு உயிரே வந்துச்சு. கை மறக்கல பாரு!" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மணலில் புதைந்த வண்டியைப் பார்த்து, "லிஃப்ட்டா இருந்தா இதுக்கு என்னிக்கோ சீல் வெச்சிருப்பேன்" என்றார்.

லேத்துக்காரத் தம்பிதான் வந்து இழுத்தான். அன்றைக்கே டிஸ்க் பிரேக்கும் பெரிய சக்கரமும் ஷெட்டுக்கு வந்துவிட்டன. புது பிரேக் மாட்டினால் குழாயில் நிற்கிற காற்றை வெளியேற்ற வேண்டுமாம். ஒருவர் மேலே மிதிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து மூட வேண்டும். தம்பி உட்காரப் போனான். "நீ இரு. அவ மிதிக்கட்டும்" என்றார் உன் அப்பா. இத்தனை வருஷத்தில் அந்த ஓட்டுநர் இருக்கையில் நான் உட்கார்ந்ததே இல்லை. அவர் கீழிருந்து "மிதி" என்பார், "பிடி" என்பார், "விடு" என்பார். முதலில் பெடல் தொளதொளவென்று உள்ளே போனது. மிதிக்க மிதிக்கக் கெட்டியாகிக்கொண்டே வந்து, கடைசியில் என் முழு பலத்தையும் போட்டாலும் இறங்க மாட்டேன் என்று நின்றது. "போதுமா?" என்று கீழிருந்து கேட்டார். வேண்டுமென்றே இன்னும் இரண்டு தடவை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் போதும் என்றேன்.

மறுபடி மலை ஏறி இறங்கினோம். எல்லா வளைவிலும் நின்றது. இருந்தும் என் கால் தரையை அழுத்திக்கொண்டேதான் இருந்தது. உங்களை ஏற்றிக்கொண்டு வரும்போதும் அழுத்தும், அதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

இன்று காலை ஷெட்டில், மிஞ்சிய மூன்று மூடிகளையும் துடைத்துப் பிஸ்கட் டப்பா பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். எழுந்து தள்ளி நின்று வண்டியைப் பார்த்தார். "அவளுக்கு அடையாளம் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன்.

அதனால் உனக்கு ஒரே ஒரு வேலை வைத்திருக்கிறேன். வெளியே வந்ததும் சக்கரத்தைப் பார். கறுப்பாக, பெரிதாக, ஒட்டாமல், அசிங்கமாகத்தான் இருக்கும். பார்த்த உடனே, யோசிக்காமல், அழகா இருக்குப்பா என்று சொல்லிவிட்டு ஏறிவிடு, என் கண்ணே. அவர் பக்கத்து இருக்கையை உனக்கு விட்டுத் தருகிறேன்.

நல்லபடியாக வந்து சேருங்கள்.

உன் வருகைக்கு வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா.