ஒரு டோக்கன் குறைகிறது

டேய், உன் தலை மோதி நசுங்கிய தகரம் இன்று காலை மறுபடியும் என் கையில் சிக்கியது.

ஜீவனஹள்ளிப் பட்டறையைக் காலி செய்து வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். பின்சுவரோரம் அடுக்கியிருந்த ஷீட்டுகளைப் பழைய இரும்புக் கடைக்காரர் ஒவ்வொன்றாக இழுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கடைசி ஷீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பேகாரு செல்வண்ணா, எதுக்கும் ஆவாது, நடுவுல எவனோ நல்லா போட்டு அடிச்சிருக்கான்" என்று சிரித்தார். அவர் சட்டைக் காலர் எப்படி என் கைக்கு வந்தது என்று எனக்கே தெரியவில்லை. நரைத்த மனுஷன், பாவம், இரண்டு கையையும் தூக்கிவிட்டார். விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டேன். அந்த ஒரு ஷீட்டை மட்டும் இறக்கி வைக்கச் சொன்னேன். உன்னை அடித்த கை இன்னும் அடங்கவில்லை, பார்த்துக்கொள்.

நீ லிஃப்ட் மெக்கானிக், நான் தகர ஷெட் போடுகிறவன். கோலார் தங்க வயலிலிருந்து விடியற்கால ரயிலில் வந்து போய்க்கொண்டிருந்தவன், ஸ்டெல்லாவைக் கட்டிக்கொண்டதும் இந்தச் சந்தின் உள்கோடியில் குடிவந்தாய். சந்து வாயில் என் வீடு. அன்றிலிருந்து நாம் சண்டை போடாத நாள் எனக்கு நினைவில் இல்லை. கிரிக்கெட்டுக்குச் சண்டை, காவேரித் தண்ணீருக்குச் சண்டை, பிரியாணியில் உருளைக்கிழங்கு போடலாமா என்று ஒரு வாரம் சண்டை. என் பொண்டாட்டி வசந்தா நம் இருவருக்கும் டீ வைத்துவிட்டு, "குரைச்சு முடிச்சதும் டம்ளரைக் கழுவி வெச்சிடுங்க" என்று உள்ளே போய்விடுவாள்.

பிறகு அந்த நோய் வந்தது. நாட்டை ஒரே ராத்திரியில் மூடினார்கள். எனக்கு அது சரியென்றுதான் பட்டது. மழைக்காலம் வந்தாலே மூச்சுக்குத் தவிக்கிற பொண்டாட்டியை வைத்துக்கொண்டிருப்பவன் வேறு எப்படி நினைப்பான்? என் வாசலில் மூன்றடி தள்ளி உட்கார்ந்து, முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு, நாம் உலகத்தையே பங்கு போட்டோம். "நியூசிலாந்தைப் பாரு, எல்லாத்தையும் சாத்துனான், ஜெயிச்சான்" என்றேன் நான்.

"அது தீவுடா. அவனுக்குச் சுத்தித் தண்ணி. நமக்குச் சுத்தி இன்னா இருக்கு? ஒரே ஒரு பொதுக் குழாய், அதுக்கு முப்பது குடம்."

"அப்ப ஸ்வீடன்காரன் மாதிரி ஓட்டலைத் தொறந்து வெச்சிட்டு, வர்றது வரட்டும்னு உக்காரலாமா?"

"அங்க ஒரு வீட்ல ஒருத்தன் ரெண்டு பேரு. இங்க ஒரு கக்கூஸுக்கு ஆறு வீடு. அதுவும் ஒத்துவராது. கொரியாக்காரனைப் பாரு. யாருக்கு வந்துச்சு, அவன் யார் யாரைப் பாத்தான்னு தேடித் தேடிப் புடிச்சான்."

"அவங்கிட்ட மெஷின் இருக்கு, ஆளு இருக்கு. உங்கிட்ட இன்னாடா இருக்கு?"

அதற்குத்தான் நீ உன் அப்பாவின் கதையை எடுத்தாய். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் நம்பர் போட்ட ஒரு வில்லை, டோக்கன் என்பார்கள். இறங்கும்போது எடுத்துப் போவான், ஏறியதும் போர்டில் அவன் ஆணியில் மாட்டுவான். ஒருநாள் ஆழத்தில் புகை. அந்தப் பாதையைச் சுவர் வைத்து அடைத்தால்தான் மற்றவர்கள் பிழைப்பார்கள் என்ற நிலை. செங்கல் கூட வந்துவிட்டது. டோக்கன் பார்க்கிற ஆள் மட்டும் போர்டின் முன் நின்று, "ஒரு டோக்கன் குறையுது, ஒரு டோக்கன் குறையுது" என்று தொண்டை கிழியக் கத்தினாராம். நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் உன் அப்பா இருமிக்கொண்டே தவழ்ந்து வந்தார்.

"மூடுறது தப்பில்ல செல்வம். எண்ணாம மூடுறதுதான் தப்பு" என்றாய். இன்னொன்றும் சொன்னாய். "ஊசி ஒருநாள் வரத்தான் போவுது. அது வர்றதுக்குள்ள நாம யார வெளிய நிக்க வெக்கிறோம், அதாண்டா கேள்வி."

"கேஜிஎஃப் கவர்மென்ட் வந்துடுச்சு, எல்லாரும் ஓரம் போங்க" என்று கிண்டல் செய்தேன். செய்துவிட்டு, மிச்சத் தகரத்தில் உனக்கு வட்டமாக வில்லைகளும் வெட்டிக் கொடுத்தேன். ஆணி வைத்து நம்பர் அடித்தது நீ. உன் வீட்டுச் சுவரில் பலகை ஏறியது. சந்தைவிட்டு வெளியே போகிறவன் தன் வில்லையை எடுத்துப் போவான். ஒரு நேரத்தில் ஐந்து ஆணிக்குமேல் காலியாக இருக்கக் கூடாது. திரும்பியவன் எங்கே போனான், யாரோடு நின்று பேசினான் என்று நோட்டில் சொல்ல வேண்டும். முதல் வாரம் எல்லோரும் உன்னைத் திட்டினார்கள். இரண்டாவது வாரம் டோக்கனை மாட்ட மறந்தவனை அவர்களே திட்டினார்கள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போகிற ஸ்டெல்லாவுக்கு ஏழாம் நம்பர்.

ஊர் அப்போது வெறிபிடித்துக் கிடந்தது, நினைவிருக்கிறதா? மெயின் ரோட்டில் காய்கறி வண்டிக்காரனை லத்தியால் விளாசினார்கள். தக்காளி ரோடு முழுக்க உருண்டது, அவன் அடியை வாங்கிக்கொண்டே பொறுக்கினான். சந்துக்குள் மளிகைக் கடைக்காரருக்கு நோய் என்று உறுதியானபோது, அவரிடம் தினமும் கடன் சொல்லி வாங்கியவர்களே அவர் ஷட்டரில் கல்லெறிந்தார்கள். கல்லுக்கு நடுவில் நீதான் போய் நின்றாய். நெற்றி கிழிந்தது. "கல்லு போட்டா கிருமி சாவுமாடா, முட்டாப் பசங்களா" என்று கத்தினாய். பிறகு நோட்டைப் பிரித்து, கடைக்காரரோடு நின்றவர்கள் பெயரை ஒவ்வொன்றாகப் படித்தாய். உன் பெயரும் அதில் இருந்தது.

மறுநாள், என் வீட்டைத் தாண்டியதும் சந்தின் குறுக்கே தகரம் வைத்து அடைக்க உத்தரவு. தகர வேலை தெரிந்தவன் பக்கத்திலேயே இருந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டதும் ஓடினேன், பொய் சொல்ல மாட்டேன். சந்து மூடினால் வசந்தாவுக்கு ஆபத்தில்லை, அவ்வளவுதான் என் மண்டையில் ஓடியது. பகல் இரண்டு மணி. கட்டைகள் நட்டு, ஷீட்டுகளை நிறுத்தி, டிரில் மெஷினை எடுத்தேன். நீ பலகையைச் சுவரிலிருந்து பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாய்.

"செல்வம், ஒரு டோக்கன் குறையுது."

"தள்ளிக்கோ."

"ஸ்டெல்லா டூட்டி முடிஞ்சு நடந்து வந்துட்டிருக்கா. அரை மணி நேரம். அவ உள்ள வரட்டும், அப்புறம் நானே உனக்கு ஷீட்டைப் புடிக்கிறேன்."

"ஆஸ்பத்திரி தொடைக்கிறவளை இதுக்குள்ள விடச் சொல்றியா? அவ நோயை முந்தானையில முடிஞ்சினு வருவா."

சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். உன் முதல் குத்து என் வாயில்தான் விழுந்தது, சரியான இடத்தில். ஒரு பல் நாக்கில் வந்து விழுந்தது. அதைத் துப்பிவிட்டு உன் கழுத்தைப் பிடித்தேன். தகரத்தில் உன் தலையை மோதினேன். ஒரு முறை இல்லை. உள்ளேயிருந்து "பிட்ரோ, பிட்ரோ" என்று, விடுங்கடா என்று, கன்னடத்தில் யாரோ அலறினார்கள். டோக்கன்கள் சிதறின. நீ என் மணிக்கட்டைக் கடித்தாய். அப்போதுதான் நான் திரும்பி, முனையில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்து, "சார், அரசாங்க வேலையைத் தடுக்கிறான் சார்" என்று கூப்பிட்டேன்.

லத்தி உன் முதுகில் விழுந்த சத்தம் எனக்குத் தெரியும். முழங்காலில் விழுந்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. உன்னைச் சந்துக்குள் உருட்டித் தள்ளினார்கள். நான் வாயில் ரத்தம் ஒழுக, ஒவ்வொரு ஸ்க்ரூவாக இறுக்கினேன். கடைசி இடுக்கில் உன் முகம் தெரிந்தது.

ஸ்டெல்லா சரியாக அரை மணியில் வந்தாள். தகரத்தின் முன் டிபன் பையோடு நின்றாள். யாரும் அவள் அருகில் போகவில்லை. வசந்தாதான் இறங்கிப் போனாள். என் வசந்தா, எவளுக்காக நான் இத்தனையும் செய்தேனோ அவள். நான் வழியை மறித்தேன். "உங்க தகரம் ரோட்டோட நிக்கட்டும். என் வாசல்ல வேணாம்" என்று என்னைத் தள்ளிவிட்டு அவளைக் கூட்டிவந்து, பின்னறையில் படுக்கை போட்டுக் கொடுத்தாள். நாட்டுக்கெல்லாம் வழி சொன்ன என் திட்டம் என் வீட்டு வாசற்படியைத் தாண்டவில்லை.

நீ தினமும் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தாய். "நல்லா இருக்கேன்" என்றாய். புளுகன். அடைத்த இரண்டாம் நாளே உனக்குக் காய்ச்சல். இன்னொருவனுக்கு நோய் என்று தெரிந்தால் அடைப்பு நீளும், கூலிக்குப் போகிற வீடுகள் பட்டினி கிடக்கும் என்று, மாத்திரையைப் போட்டுக்கொண்டு சோதிக்க வந்தவர்கள் முன் நிமிர்ந்து நின்றிருக்கிறாய். கதவைத் தாழிட்டுக்கொண்டாய். குடத்தை வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னாய். ஊரையே எண்ணச் சொன்னவன், உன்னை மட்டும் எண்ணாமல் மூடிக்கொண்டாய். அதற்காக உன்னை மறுபடி அடிக்கலாம்போல வருகிறது.

ஒன்பதாம் நாள் நீ போனை எடுக்கவில்லை. உள்ளேயிருந்து ஆட்கள் தகரத்தை அறைந்தார்கள். டிரில்லைத் தேட எனக்குப் பொறுமையில்லை. கடப்பாரையை விட்டு நெம்பி, கையாலேயே கிழித்தேன். உள்ளங்கை இரண்டாகப் பிளந்தது. கதவை உதைத்து உடைத்து உன்னைத் தூக்கியபோது, நீ கண்ணைத் திறந்து பார்த்தாய், ஆனால் என்னை அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைப் பிளாஸ்டிக்கில் சுற்றித்தான் கொடுத்தார்கள். ஸ்டெல்லாவைக்கூட முகம் பார்க்க விடவில்லை.

எது சரி என்று இன்றும் டீக்கடையில் யாராவது பேசினால் எழுந்து போய்விடுகிறேன். நான் போட்ட தகரத்துக்கு வெளியே எங்கள் வரிசையில் யாருக்கும் நோய் வரவில்லை, அது உண்மை. உன் நோட்டில் பெயர் இருந்தவர்களைத் தவிர உள்ளேயும் யாருக்கும் வரவில்லை, அதுவும் உண்மை. அரை மணி நேரம் காத்திருந்தால் ஒன்றும் கெட்டிருக்காது. ஸ்டெல்லா உன் பக்கத்தில் இருந்திருப்பாள், முதல் இருமலிலேயே உன்னை இழுத்துக்கொண்டு போயிருப்பாள். இதை எந்த நாட்டின் வெற்றி தோல்வியில் எழுதுவது? ஊசி வந்து, வரிசையில் நின்று சட்டைக் கையை மடித்தபோது உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். நர்ஸ் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று பயந்துபோனாள்.

போலீஸைக் கூப்பிட்டது நான் என்பதை மட்டும் இத்தனை வருஷம் ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. அவர்களாக வந்தார்கள் என்றே அவள் நினைத்துக்கொண்டிருப்பதாக நம்பினேன். இன்று அந்த ஷீட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, உன் வீட்டுக்குப் போனேன். அவள் அப்போதுதான் டூட்டி முடிந்து வந்திருந்தாள். கதவுக்குப் பின்னால் உன் பலகை. ஏழாம் ஆணியில் அவள் டோக்கன்.

"ஸ்டெல்லா, அன்னிக்குப் போலீஸைக் கூப்பிட்டது நான்தான்மா."

அவள் தலைமுடியை முடிந்துகொண்டே சொன்னாள். "தெரியும்ணா. அவரு அன்னிக்குச் சாயங்காலமே போன்ல சொல்லிட்டாரு. 'அவன்மேல கோவப்படாத, அவன் பொண்டாட்டிக்கு மூச்சு வாங்கும், பயந்துட்டான்'னாரு."

அப்படியானால் தெரிந்துகொண்டேதான் அத்தனை நாளும் என் வீட்டில் படுத்து, என் தட்டில் சாப்பிட்டிருக்கிறாள். அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

"அவரு உங்களை மன்னிச்சிட்டாருண்ணா. நான் இன்னும் இல்ல" என்றாள். பிறகு, "கை கழுவுங்க, சோறு போடறேன்" என்றாள்.

சாப்பிட்டேன். மறுசோறும் போட்டாள். கிளம்பும்போது ஷீட்டைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு நழுவப் பார்த்தேன். "அதை எடுத்துட்டுப் போங்க. அது உங்களுதுதானே" என்றாள்.

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். புதுப் பட்டறையில் வாசலுக்கு நேரே நிறுத்தியிருக்கிறேன். பள்ளத்தைத் தட்டி நிமிர்த்த எனக்குத் தெரியும்டா, பத்து நிமிஷ வேலை. தட்டப் போவதில்லை.