குற்றம் சாட்டும் பொத்தானை நான் அழுத்தவில்லை

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், தம்பியும் அவன் மனைவியும் நலம். வழக்கமாக இந்த இடத்தில் நீ நலமா என்று கேட்பேன், இந்த முறை கேட்கவில்லை. கோபம் என்று நினைத்துவிடாதே, ஏன் கேட்கவில்லை என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன், தாவித் தாவிப் படிக்காமல் வரிசையாகப் படித்து வா. போன் இருக்கும்போது இது என்ன காகிதமும் உறையும் என்று சிரிப்பாய். போனில் பேசினால் பாதியிலேயே "சரிம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. அது போக, போன் இப்போது என் கையில் எங்கே இருக்கிறது, நீ அனுப்பிய விளையாட்டு வந்ததிலிருந்து அது உன் அப்பாவின் சொத்தாகிவிட்டது.

தம்பி சைக்கிள் கடையை முனையில் இருக்கும் பெரிய இடத்துக்கு மாற்றிவிட்டான். வெளிச்சமும் காற்றும் நன்றாக வருகிறது, ஆனால் பெயர்ப்பலகையைத் தானே மாட்டுகிறேன் என்று மாட்டி அது ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. சொன்னால் "சாஞ்சிருந்தாதாம்மா நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க" என்கிறான், வாய் மட்டும் குறைவில்லை. சமையலறைக் குழாய் பழையபடி சொட்டுகிறது, அப்பா சரிசெய்கிறேன் என்று கழற்றினார், அதன் பிறகு இன்னும் நன்றாகச் சொட்டுகிறது. என் முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் முணுமுணுக்கிறது, நானும் திருப்பி முணுமுணுத்துக்கொண்டே ஏறிவிடுகிறேன்.

இனி அந்தத் துப்பறியும் விளையாட்டுக்கு வருகிறேன். இலவசம்தான், பொழுது போகும் என்று நீ அனுப்பினாயே, முதலில் எனக்கு அதில் நம்பிக்கையே இல்லை. சும்மா கிடைப்பது எதுவும் சும்மா விடாது என்பது என் எண்ணம், அது சரியாகத்தான் போயிற்று, ஒவ்வொரு துப்புக்கும் ஒரு விளம்பரம் பார்க்க வேண்டியிருக்கிறது. உன் அப்பா அவற்றையும் கண்கொட்டாமல் பார்க்கிறார், சுவரில் துளை போடும் மெஷின் ஒன்றை வாங்கிவிடலாமா என்று இரண்டு நாளாக என்னிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். எங்களுக்கு வந்த வழக்கு ஒரு பெரிய வீட்டில். வீட்டுக்காரப் பெரியவர் தன் படிப்பறையில் தலையில் அடிபட்டு இறந்து கிடக்கிறார், அவருடைய கைத்தடியைக் காணோம். சந்தேகப்பட வேண்டியவர்கள் ஒரு டாக்டர், ஒரு சமையல்காரம்மா, ஒரு தோட்டக்காரர், ஒரு செயலாளர். நாம் கேள்வியை எழுதி அனுப்பினால் அவர்கள் பதில் எழுதுகிறார்கள். உன் அப்பா எடுத்த எடுப்பில் சமையல்காரம்மாவிடம் "வணக்கம்மா, சாப்டாச்சா" என்று எழுதினார், அந்த அம்மாவும் சாப்பிட்டுவிட்டேன், விசாரித்ததற்கு நன்றி என்று எழுதினாள், அதோடு இவருக்கு அவள்மேல் சந்தேகம் போய்விட்டது. டாக்டரின் படத்தைப் பார்த்ததும் "மீசையப் பாரு, எங்க டிப்போ மேனேஜர் மாதிரியே இருக்கான், இவன்தான்" என்று சொல்லிக் குற்றம் சாட்டும் பொத்தானை அழுத்திவிட்டார். அத்தனை வருடம் பேருந்து ஓட்டியவர், வண்டியில் அவ்வளவு நிதானம், விளையாட்டில் எடுத்தேன் கவிழ்த்தேன்தான். நிரபராதி கைதானார், உண்மையான குற்றவாளி தப்பிவிட்டார் என்று திரையில் கொட்டை எழுத்தில் வந்தது. அழுத்தியதைத் திரும்ப எடுக்க முடியாதாம், முதலிலிருந்து ஆட வேண்டுமாம். அந்த டாக்டருக்காக எனக்குப் பாவமாகப் போய்விட்டது. கொடுங்கள் என்று போனை வாங்கிக்கொண்டேன்.

நான் பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருட்கள் கவுன்டரில் இருந்தவள் என்பது உனக்குத் தெரியும், அங்கே நான் எப்படி வேலை செய்வேன் என்று உனக்குச் சொன்னதில்லை. யாராவது வந்து குடை தொலைந்தது என்றால், அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டி இந்தப் பச்சைக் குடை உங்களுடையதா என்று கேட்கவே கூடாது. கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், பொய்யர்கள் என்று இல்லை, கேள்வி அப்படி. உங்கள் குடை எப்படி இருக்கும், சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சொந்தக்காரர் என்றால் பிடியில் பல் பட்ட தடம் வரைக்கும் சொல்வார். அதையே இங்கேயும் செய்தேன். நீ கொன்றாயா என்று கேட்டால் எவன் ஒப்புக்கொள்வான். நான்கு பேரிடமும் பெரியவரின் கைத்தடி எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டேன். மூன்று பேர் கறுப்பு, வளைந்த பிடி என்றார்கள். செயலாளர் மட்டும் கறுப்பு, நடுவில் சிவப்பு நாடா சுற்றியது என்றார். தடியில் விரிசல் விட்டு அதற்கு நாடா சுற்றியதே கொலை நடந்த அன்று காலையில்தான் என்று துப்பு ஒன்றில் வந்திருந்தது, அன்று முழுவதும் அந்த வீட்டுக்கே வரவில்லை என்று சாதித்தவர் இவர். குட்டு வெளிப்பட்டது, ஆளைப் பிடித்தாயிற்று. உன் அப்பா அப்போதும் விடவில்லை, "டாக்டர் மேலயும் ஒரு கண்ணு வெச்சுக்க" என்றார்.

ஜெயித்ததும் எனக்குப் பயிற்சித் துப்பறிவாளர் என்று பட்டம் கொடுத்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது. உடனே பக்கத்தில் உன் படமும் வந்தது, தலைக்கு மேல் கிரீடம், தலைமைத் துப்பறிவாளர் என்று, வழக்குகளை ஏராளமாக முடித்தவர்களுக்குத்தான் அந்தப் பட்டமாம். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்து ஒரே ஒரு வழக்கை முடிப்பதற்குள் எங்கள் கழுத்து வலித்தது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து தலை சீவக்கூட நேரமில்லை என்பவளுக்கு அந்தக் கிரீடம் எப்படிக் கிடைத்தது? அதற்குப் பிறகு நீ வீடியோவில் வந்தபோது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். முன்பெல்லாம் அடையாள அட்டைப் பட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே சாப்பிட உட்காருவாய், குழம்பில் விழும் என்று நான் கத்துவேன். இப்போது நான் கத்துவதற்கே வேலை இல்லாமல் போய்விட்டது. வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன், "நல்லா போகுதும்மா" என்றாய். உடம்பு நன்றாக இருக்கிறதா என்றேன், "நல்லா இருக்கேம்மா" என்றாய். வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது, நான் உனக்குப் பச்சைக் குடையைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீ காலையில் வேலைக்குக் கிளம்புவதில்லை என்பது எனக்கு உறுதி. வேலை போயிற்றா, நீயே விட்டுவிட்டாயா, யாராவது மனம் நோகப் பேசினார்களா, உடம்புக்கு ஏதாவதா, அது எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லிப் பொத்தானை அழுத்துவது உன் அப்பாவின் பழக்கம், என்னுடையது இல்லை. அதனால் அவரிடமும் வாயைத் திறக்கவில்லை, தெரிந்தால் உடனே போனைப் போட்டு உன்னைக் குடைந்து எடுத்துவிடுவார் என்று பயந்தேன். அப்படி நான் நினைத்துக்கொண்டிருக்கையில் நேற்று மத்தியானம் உன் அறையில் தடதடவென்று சத்தம். போய்ப் பார்த்தால் அங்கே அடுக்கி வைத்திருந்த தன் கருவிப் பெட்டிகளை எல்லாம் வெளியே நகர்த்திவிட்டு, கிறீச்சிடும் உன் ஜன்னல் கதவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். நாம் இரண்டு பேரும் எத்தனை முறை சொல்லியும் தொடாத ஜன்னல் அது. என்ன திடீரென்று என்று கேட்டேன். திரும்பிப் பார்க்காமலே சொன்னார், "வீடியோல அவளுக்குப் பின்னாடி ஒரு செடி இருக்குமே, எப்பவும் தண்ணி இல்லாம வாடிக் கிடக்குமே, இப்ப நல்லா வளர்ந்திருக்கு, பாத்தியா." அவ்வளவுதான், வேறு ஒன்றும் கேட்கவில்லை. மீசையைப் பார்த்துப் பொத்தானை அழுத்துகிற மனிதர் அவர், கண்ணு. எனக்கு அழுகை வந்துவிட்டது, குழாய் சொட்டுகிறது பார்க்கிறேன் என்று சமையலறைக்குப் போய்விட்டேன்.

என் கவுன்டரில் பொருளைத் தொலைத்தவர்கள் சிலர் மறுநாளே வருவார்கள், சிலர் வெட்கப்பட்டுக்கொண்டு மாதங்கள் கழித்து வருவார்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்று ஒருவரையும் நான் கேட்டதில்லை. வந்தவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன், எடுத்துக் கொடுப்பேன், பத்திரமாகப் போய் வாருங்கள் என்பேன். உனக்கும் அதே கவுன்டர்தான். நீ கெட்டிக்காரி, எதைத் தொலைத்திருந்தாலும் வேறொன்றைத் தேடிக்கொள்வாய், அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் அதுவரைக்கும் தனியாக உட்கார்ந்து நல்லா இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. அங்கேயே இருந்து தேடினாலும் சரி, கொஞ்ச நாள் இங்கே வந்து இருந்துவிட்டுப் போனாலும் சரி, ஜன்னல் இப்போது சத்தம் போடாது.

நன்றாகச் சாப்பிடு, வெயில் படும்படி கொஞ்சம் வெளியே நட. எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும், அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். செடிக்கு ரொம்பத் தண்ணீர் ஊற்றாதே, வேர் அழுகிவிடும். கடிதம் கிடைத்ததும் கூப்பிடு, அப்பாவை நான் குழாயைக் கழற்றச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். நீ நலமா என்று கேட்க மாட்டேன். நேற்றுக் காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்தாய் என்று மட்டும் கேட்பேன், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா