நீங்கள் தண்ணீர் குடித்த இடம்

என் பிரியமான வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். பெண்பிள்ளை நான், நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடிக்கு வந்து சொல்ல எனக்கு வழியில்லை. முகநூலில், எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன். தவறும் அங்கேதான் நடந்தது.

கொட்டகலையில் மழை விடவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை. சோறு ஆக்குகிறேன், துணி மடிக்கிறேன், கை தன்பாட்டில் வேலை செய்கிறது.

பள்ளிவாசலில் பயான் செய்யும்போது, தவறான கருத்தை அதைச் சொல்கிறவரின் குரலிலேயே முதலில் சொல்வீர்கள். பிறகு நிதானமாகத் தண்ணீர் குடிப்பீர்கள். அப்புறம்தான் பதில் வரும். "உங்கட வாப்பா தண்ணி குடிச்சு முடியிறதுக்குள்ள சோறு ஆறிடும்" என்று உம்மா ஒலிபெருக்கியைக் கேட்டபடி சிரிப்பாரே, நினைவிருக்கிறதா?

நீங்கள் மௌத்தான நாற்பதாம் நாள், உங்கள் குரலை நாலு பேர் கேட்கட்டும் என்று பழைய பயான் பதிவிலிருந்து ஒரு நிமிடத் துண்டை முகநூலில் போட்டேன். நீங்கள் தண்ணீர் எடுத்த இடத்தில் வெட்டினேன். "அவங்கட சோத்துல கை வைக்காதீங்க. அவங்கட கோயில் வாசல்ல நிக்காதீங்க." அத்தோடு முடிந்தது. மீதி எனக்கு மனப்பாடம் என்பதால் குறை தெரியவில்லை.

அந்திக்குள் முகம் தெரியாதவர்கள், "மாஷா அல்லாஹ், துணிச்சலான ஆலிம்" என்று எழுதினார்கள். கீழே நீங்கள் ஒருநாளும் வாயில் எடுக்காத வார்த்தைகள். நான் போட்ட துண்டை அழித்தேன். எடுத்துப் பகிர்ந்தவர்கள் அழிக்கவில்லை. பாராட்டியவர்களில் ஒருவராவது உங்களை அறிந்தவரா?

மறுநாள், தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தில் குடியிருக்கும் ராஜேஸ்வரி அக்கா வந்தார். உங்கள் ஜனாஸா அன்று கொழுந்து பறிக்கப் போகாமல் நம் வாசலில் நின்றவர். ஃபோனை நீட்டினார்.

"மௌலவி ஐயா எங்கள அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தாங்களா பாத்திமா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. வெட்டியது நான்தான் என்று சொல்ல வெட்கப்பட்டுத் தலை குனிந்தேன். "சரி, வர்றேன்" என்று போய்விட்டார். இந்தத் தீபாவளிக்கு அவர் வீட்டு முறுக்கு வரவில்லை.

நேற்று பதிவின் மீதியை மறுபடி கேட்டேன். கிளாஸ் வைக்கும் சத்தம். பிறகு நீங்கள்: "இப்படிச் சொல்றவங்ககிட்ட ஒண்டு கேக்கிறேன். மண் சரிஞ்ச அண்டைக்கு என்ட மகளைத் தோள்ல போட்டு கோயிலுக்கு ஓடினது ராஜேஸ்வரி. அந்த வாசல்லதான் என்ட புள்ள உசிரோட இருந்தா. அந்தச் சோத்தைத்தான் திண்டா."

வாப்பா, நான் வெட்டியெறிந்தது இதைத்தான்.

நாளை மேல் லயத்துக்கு ஏறிப் போவேன். முழுப் பதிவையும் அக்கா முன்னால் போடுவேன். நீங்கள் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை தலை குனியாமல் அவர் முகத்தைப் பார்த்து நிற்பேன்.

இப்படிக்கு,
ராஜேஸ்வரி அக்காவின் தோளில் உயிர் தப்பிய
உங்கள் மகள் பாத்திமா