நாற்றம் இல்லை என்று ஓட்டு விழுந்தது

செவ்வாய், இரவு

எங்கள் எர்ணாவூர் தெரு விஷயங்களை நாங்களே போனில் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறோம். தண்ணீர் லாரி எங்கே நிற்க வேண்டும் என்பதுகூட அப்படி முடிவானதுதான். இன்றைய கேள்வி: காலையில் பக்கத்துக் கம்பெனியிலிருந்து கேஸ் நாற்றம் அடித்ததா, புகார் கொடுக்கலாமா? நான் ‘ஆமாம்’ போட்டேன். தெருவில் பாதிப் பேருக்கு அந்தக் கம்பெனியில்தான் வேலை. ‘இல்லை’ ஜெயித்தது.

சாயங்காலம் மறுபடி அடித்தது. எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா வாசலில் நின்று இருமிக்கொண்டிருந்தார்.

“நாத்தம் தாங்கல இல்லக்கா?”

“இன்னா நாத்தம்? அதான் இல்லன்னு ஓட்டு வுழுந்துடுச்சே” என்றார். கண்ணில் நீர் வழிந்தது. ஆனால் பொய் சொல்கிறவர் முகமாக அது இல்லை.

ஜன்னலைத் திறந்து வைத்து எழுதுகிறேன். மகன் தூக்கத்தில் இருமுகிறான். எனக்கு இப்போது ஒரு நாற்றமும் வரவில்லை.